ராயபுரத்து விறகும் எண்ணூர்க் கண்டலும்

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது. வடசென்னைக்காரர்கள் எல்லோரும் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் செய்தி. அதே 1856-இல்தான் சென்னை மாகாணத்தில் காட்டுக்கென்று தனித் துறை அமைந்தது; ஹியூ கிளெக்ஹார்ன் என்ற மருத்துவர் அதன் முதல் தலைவரானார். இந்த இரண்டு செய்தியையும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. சேர்த்துப் பார்க்க வேண்டும். தண்டவாளத்துக்கு அடியில் மைலுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரக்கட்டைகள் போட வேண்டியிருந்தது. அந்தக் காலத்து எஞ்சின்கள் எரித்ததும் பெரும்பாலும் விறகுதான். இரும்பு வண்டி ஓட ஓட மலைக்காடு கரைந்தது. காடு தீர்ந்துபோனால் ரயிலும் நின்றுபோகும் என்ற கவலை அரசுக்கு வந்தது. நம் ஊரில் காட்டு நிர்வாகம் வளர்ந்தது இந்தக் கவலையை ஒட்டித்தான்.

ரயில் மட்டும் விறகு தின்னவில்லை. நகரத்தின் ஒவ்வோர் அடுப்பும் தின்றது. 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை ஒரு கால்வாய் வெட்டினார்கள். பிறகு அது பழவேற்காட்டுக்கும் ஆந்திரக் கரைக்கும் நீண்டது. 1877, 78 பஞ்சத்தில் கஞ்சிக்கு வழியில்லாத மக்களைக் கொண்டு நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தார்கள். அப்போது ஆளுநராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் அதற்கு வந்தது. அந்தக் கால்வாயில் படகுபடகாக வந்த சரக்குகளில் முக்கியமானது விறகு. பழவேற்காடு ஏரியைக் கடலிலிருந்து பிரித்து நிற்கும் ஸ்ரீஹரிகோட்டா தீவின் காடும் சவுக்குத் தோப்பும் சென்னையின் அடுப்பங்கரைக்கு வந்து சேர்ந்தன. வண்ணாரப்பேட்டை, புளியந்தோப்பு பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் இன்றும் ‘விறகுத்தொட்டி’ என்ற சொல்லைச் சொல்வார்கள். தராசில் போட்டு மணங்கு என்ற பழைய எடைக் கணக்கில் நிறுத்து விற்ற கடை அது. அங்கே விறகு வாங்கியவர்களுக்கு அது எந்தத் தீவில் வெட்டப்பட்டது என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஸ்ரீஹரிகோட்டா 1969-இல் ராக்கெட் ஏவுதளத்துக்காகத் தேர்வானது. விறகு வெட்டு நின்றது. கிழக்குக் கரையில் அரிதாகிப்போன உலர் பசுமைமாறாக் காடு அந்தத் தீவில் இன்னும் நன்றாக மிஞ்சியிருக்கிறது. வேலி போட்டால் காடு பிழைக்கும் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவார்கள். பிழைத்தது உண்மை. ஆனால் அங்கே காலங்காலமாக வாழ்ந்த ஏனாதிப் பழங்குடி மக்கள் இடம் பெயர வேண்டியிருந்ததும் அதே கதையின் பாதி. பாதியை விட்டுவிட்டு மீதியை மட்டும் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

‘நீடித்த வன மேலாண்மை’ என்ற தொடரை அரசு அறிக்கைகளிலும் பள்ளிப் பாடத்திலும் பார்க்கிறோம். இதன் வேர் ஜெர்மனியில் இருக்கிறது. சாக்சனி நாட்டில் வெள்ளிச் சுரங்க நிர்வாகியாக இருந்தவர் ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ். சுரங்கத்துக்குத் தாங்கு கட்டைகள் வேண்டும். உலைக்குக் கரி வேண்டும். சுற்றுவட்டாரக் காடெல்லாம் மொட்டையாகிக்கொண்டிருந்த நேரத்தில், 1713-இல் அவர் ஒரு நூல் எழுதினார். அதன் சாரம் வட்டிக்கடைக்காரருக்கும் புரியும்: காட்டில் நிற்கும் மரம் முதல், ஆண்டுதோறும் அது வளரும் அளவு வட்டி, வட்டியை எடுத்துச் செலவழி, முதலில் கை வைக்காதே. காட்டைப் பற்றிய பேச்சில் இதைவிடத் தெளிவான வாக்கு எனக்குத் தெரியாது. இந்த ஜெர்மானிய மரபின் வழிவந்தவர் டீட்ரிக் பிராண்டிஸ். 1864-இல் இந்தியாவின் முதல் தலைமை வன அதிகாரியானார். 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்த காலத்தில் இங்கே வந்து மாகாணம் முழுக்கச் சுற்றி, காட்டு நிர்வாகம் எப்படி இருக்க வேண்டும் என்று அறிக்கை எழுதினார். அந்தச் சட்டம் பல திருத்தங்களோடு தமிழ்நாட்டில் இன்னும் நடப்பில் இருக்கிறது.

முதல், வட்டிக் கணக்கு எங்கே ஒழுங்காக நடக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் மீஞ்சூர், பொன்னேரி பக்கம் போனால் போதும். மணற்பாங்கான நிலத்தில் வரிசை வரிசையாகச் சவுக்கு நிற்கும். வேரில் வாழும் நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுப்பதால் சத்தில்லாத மணலிலும் அது வளரும். நாலைந்து வருடத்தில் வெட்டலாம். கட்டடம் கட்டும் இடத்தில் சாரத்துக்கும் பந்தலுக்கும் போகும் கம்பு, காகித ஆலைக்குப் போகும் கட்டை, மிச்சம் விறகு. வெட்டிய இடத்தில் மறுபடி கன்று. சென்னையின் சாரம் கட்டும் வேலை மலைக்காட்டை வெட்டாமல் நடப்பதற்கு இந்தத் தோப்புகள் பெரிய காரணம். இதை நான் மதிக்கிறேன். ஆனால் இது தோப்பு, பயிர். நெல் மாதிரி சவுக்கும் ஒரு வெள்ளாமை. சவுக்குக்கு அடியில் வேறு எதுவும் அவ்வளவாக முளைக்காது. கடற்கரை ஓரத்தில் நெருக்கி நட்டால் பங்குனி ஆமை முட்டையிட ஏறும் மணலும் போய்விடும். தோப்புக்குச் சரியான கணக்கைக் காட்டுக்கும் போட்டதில்தான் தப்பு நேர்ந்தது.

அந்தத் தப்புக்கு நம் மாநிலத்திலேயே தெளிவான பாடம் பிச்சாவரம். இன்றைய சுற்றுலாப் படகு பார்க்கும் பிச்சாவரத்தை மறந்துவிடுங்கள். வெள்ளைக்காரர் காலத்தில் கடல் நீர் ஏறி இறங்கும் சேற்றில் வளரும் அந்த அலையாத்திக் காட்டையும் (மாங்குரோவ்) கூப்பு என்ற வெட்டுப் பகுதிகளாகப் பிரித்து, முறை வைத்து வெட்டினார்கள். ஒரு கூப்பை மொத்தமாக வெட்டுவது, அது தழைக்கும்வரை அடுத்த கூப்புக்குப் போவது, சுற்றி வருவது. கார்லோவிட்ஸ் கணக்குப்படி பிழையே இல்லை. 1970-கள் வரை இது நடந்தது. வெட்டிய இடம் தழைக்கவில்லை. ஏன் என்று பல காலம் சரியாகப் புரியவில்லை. மாடு மேய்வதாலும் மீனவர்கள் விறகு ஒடிப்பதாலும்தான் காடு வளரவில்லை என்று பழி மக்கள் மேல் விழுந்தது.

பழி மண்ணில் இருந்தது. நிழல் போனதும் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. ஈரம் ஆவியாகி, சேறு சுருங்கி, நிலம் சற்றே தாழ்ந்து தொட்டிபோல ஆனது. கடல் ஏற்றத்தில் உள்ளே வந்த உப்புத் தண்ணீர் வற்றத்தில் வெளியே போக வழியில்லாமல் தேங்கியது. தேங்கிய நீர் காயக் காய உப்பு ஏறியது. கடல் நீரைவிடப் பல மடங்கு உப்பு. அலையாத்தி உப்பைத் தாங்கும் மரம்தான், ஆனால் உப்பளத்தில் முளைக்கும் மரம் கிடையாது. உப்பு நிலச் செடியான உமரி மட்டும் தலைகாட்டியது. சில அங்குலத் தாழ்வு ஒரு காட்டைக் கொன்றது. மரத்தின் வளர்ச்சியை அளந்த கணக்கில் தண்ணீரின் போக்குவரத்துக்கு ஒரு வரி கூட இல்லை.

இதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ததில் தரமணியில் உள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் வனத்துறைக்கும் பங்கு உண்டு. 1990-களில் அவர்கள் செய்த வேலை பார்க்க எளிது. ஓடையிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால். அதன் இரு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் மாதிரி இருக்கும். ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே ஏறும், வற்றத்தில் வடியும். உப்பு கழுவப்பட்டது. வாய்க்கால் கரையில் கன்றுகளை நட்டார்கள். நடாத இடத்திலும் விதை மிதந்து வந்து பிடித்துக்கொண்டது. கூடவே ஊர்க் குழுக்கள் அமைத்து, எங்கே வெட்டுவது, எங்கே மாடு விடுவது, வாய்க்காலை யார் தூர்வாருவது என்று பேசி முடிவு செய்தார்கள். குற்றவாளி என்று சொல்லப்பட்ட அதே மக்கள் காவலராகவும் வேலைக்காரராகவும் வந்தார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்தபோது பிச்சாவரத்தில் காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்களுக்குச் சேதம் குறைவாக இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இப்போது எங்கள் பக்கம் வருவோம்.

வடசென்னையில் காடு இருக்கிறதா என்று கேட்பவர்கள் உண்டு. புகைக்கூண்டும் கன்டெய்னர் லாரியும்தான் கண்ணில் படும். எண்ணூர் முகத்துவாரத்துக்கு உள்ளே, கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் கலக்கும் கழிவெளி என்ற உப்பங்கழியில் படகில் போனால் தெரியும். கரையோரம் இடுப்பளவும் ஆளுயரமும் நிற்கும் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம். அடியில் சேற்றிலிருந்து பென்சில் முனைபோல் நூற்றுக்கணக்கில் எழுந்து நிற்கும் மூச்சுவேர்கள். சேற்றில் காற்று கிடையாது. ஆகவே வேர் மேலே வந்து மூச்சு வாங்குகிறது. உள்ளே போன உப்பை இலை வழியாகக் கக்கும். வெயிலில் இலையைத் தடவினால் விரலில் உப்பு ஒட்டும். நெய்தல் பாடிய சங்கப் புலவர்களுக்குக் கண்டல் அன்றாடக் காட்சி. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வந்ததும் ஓர் அலையாத்தி மரத்தால்தான். நம் ஊர் மக்களுக்குப் புதிய மரமில்லை. புதிதாக மறந்துபோன மரம்.

அந்த வேர்க் காட்டுக்குள்தான் மடவைக் குஞ்சும் கொடுவாக் குஞ்சும் இறாலும் களிநண்டும் பெரிய மீனுக்குத் தப்பி வளர்கின்றன. இலை உதிர்ந்து மக்கி அவற்றுக்குத் தீனியாகிறது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மீனவர்களுக்கு அந்தக் காடு கண்ணுக்குத் தெரியாத ஒரு நாற்றங்கால். இந்தக் காட்டின் ‘மகசூல்’ கட்டையில் இல்லை, வலையில் இருக்கிறது. அதனால்தான் மரத்தை எண்ணி இந்தக் காட்டின் நலம் சொல்ல முடியாது.

இடுப்பளவு நீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் இந்தக் கரையோரத்தில் உண்டு. பறி என்ற ஓலைக் கூடையைப் பல்லில் கடித்தபடி, இரு கையாலும் சேற்றைத் துழாவி, பிடித்ததைப் பறிக்குள் போடுவார்கள். படகு வேண்டாம், வலை வேண்டாம், முதலீடு வேண்டாம். ஆனால் ஒன்று வேண்டும்: கை வைக்கத்தக்க சேறு. அனல்மின் நிலையங்களிலிருந்து குழாயில் போகும் சாம்பல் ஆண்டுக்கணக்கில் கசிந்து இந்தக் கழிவெளியில் படிந்திருக்கிறது. ஆள் ஆழத்துக்கு நின்ற தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது என்று மீனவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். சாம்பல் படிந்த அடித்தளத்தில் இறால் ஒதுங்காது, கையும் புண்ணாகும். தூர்ந்த இடத்தில் ஏற்றம் எட்டாது. ஏற்றம் எட்டாத இடத்தில் கண்டல் சாகும். காய்ந்த மேட்டில் சீமைக் கருவேலம் ஏறும். பிச்சாவரத்தில் நிலம் தாழ்ந்து செத்தது, எண்ணூரில் மேடாகிச் சாகிறது. இரண்டிலும் அறுந்தது ஒரே கயிறு: ஏற்ற வற்றம்.

அதற்கு மேல் எண்ணெய். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு வெளியே கடலில் இரண்டு கப்பல்கள் மோதியபோது கரையெல்லாம் கறுப்பானது. இளைஞர்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கால்வாய் வழியே முகத்துவாரம் வரை வந்தது. வீட்டுச் சுவர், படகு, வலை, கூழைக்கடா எல்லாவற்றிலும் பூச்சு. கண்டலின் மூச்சுவேரில் எண்ணெய் படிவது என்றால் மனிதன் மூக்கில் தார் அடைப்பது மாதிரி. மேலே இலை சில வாரம் பச்சையாகவே இருக்கும். சேதம் பிறகுதான் தெரியும். அந்த மாதம் மீன் வாங்கக்கூட ஆளில்லாமல் குப்பங்கள் பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. காடு கெட்டதற்கும் வீட்டில் அடுப்பு எரியாததற்கும் நடுவே ஒரு நாள்கூட இடைவெளி இல்லை.

இந்த நிலையில் அரசின் பதில் பெரும்பாலும் கன்று நடுவதாக இருக்கிறது. தமிழ்நாடு பசுமை இயக்கம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாநிலத்தின் பசுமைப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக்குவது இலக்கு. மூன்றில் ஒரு பங்கு என்ற அந்த எண் 1952 தேசிய வனக் கொள்கையிலிருந்தே நம்மோடு வருகிறது. நல்ல நோக்கம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எண் எப்படி எடுக்கப்படுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் படத்தில் பார்த்து, ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட இடத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் மரநிழல் இருந்தால் அதைக் காட்டுப் பரப்பில் சேர்க்கிறது. நிலம் யாருடையது, மரம் எது என்பது கேள்வியில்லை. சவுக்குத் தோப்பும் காடு, மாந்தோப்பும் காடு, சீமைக் கருவேலப் புதரும் காடு. 2021 அறிக்கைப்படி தமிழ்நாட்டின் காட்டுப் பரப்பு 26,419 சதுர கிலோமீட்டர். அதில் அலையாத்தி சுமார் 45 சதுர கிலோமீட்டர். ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. சதவீதத்தை ஏற்றுவதுதான் வேலை என்றால் எண்ணூர்ச் சேறு எந்த அதிகாரியின் கண்ணிலும் பெரிதாகப் படாது. கண்டல் செத்த மேட்டில் கருவேலம் மண்டினால் படத்தில் பச்சை கூடியதாகவே தெரியும்.

மாநகராட்சி இடங்களில் நெருக்கி நடும் மியாவாக்கித் தோப்புகளுக்கும் இதே அளவுகோல் வேண்டும். குப்பை கொட்டிய காலி மனையில் நிழல் தருவதற்கு அது நல்ல வழி. தெருவில் மரமில்லாத வடசென்னைக்கு நிழல் கட்டாயம் தேவை. அதையே கழிவெளிக் கரையில் செய்தால் தவறு. மரமில்லாத சேற்றுத் திட்டு தரிசாகத் தோன்றும். அங்கேதான் வலசைப் பறவைகள் இரை தேடுகின்றன. இறால் தடவும் பெண்களின் வேலையிடமும் அதுதான். அந்தத் திட்டில் வரிசையாகக் கன்று ஊன்றினால் பெரும்பாலும் கன்றும் சாகும், அவர்கள் பிழைப்பும் போகும். சுனாமிக்குப் பிறகு இலங்கையில் அவசர அவசரமாக நட்ட அலையாத்திகளில் பெரும்பாலான இடங்களில் கன்று நிலைக்கவில்லை. தவறான உயரம், தவறான உப்பு, பராமரிப்பு இல்லை. பிச்சாவரம் கற்றுக்கொடுத்தது அப்படியே தலைகீழ் வரிசை: முதலில் தண்ணீர், பிறகு மண், கன்று கடைசி.

அடுத்த கேள்வி, யார் முடிவு செய்வது. எண்ணூரில் கண்டல் நிற்கும் நிலத்தில் பெரும்பகுதி ஆவணத்தில் காடு என்று இல்லை. புறம்போக்கு, துறைமுக நிலம், நிறுவன நிலம் என்று சிதறிக் கிடக்கிறது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கோதவர்மன் வழக்கில், ஆவணம் என்ன சொன்னாலும் அகராதிப் பொருளில் காடாக இருப்பது காடுதான் என்றது. 2023-இல் வனப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் அந்தப் பொருளைச் சுருக்கியது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், இறுதித் தீர்ப்பு வரும்வரை பழைய விளக்கமே நிற்கட்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது. கடற்கரை ஒழுங்குமுறை விதிகளில் அலையாத்திக்கு மிக உயர்ந்த பாதுகாப்பு உண்டு. ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் பரந்திருந்தால் சுற்றிலும் ஐம்பது மீட்டர் விட வேண்டும். விதி இருக்கிறது. வரைபடத்தில் அந்த இடம் அலையாத்தி என்று குறிக்கப்பட்டால்தான் விதி வேலை செய்யும். அதனால்தான் எண்ணூர் மீனவர்கள் வரைபடத்துக்காக இவ்வளவு போராடுகிறார்கள். அது வெறும் காகிதச் சண்டை என்று நினைப்பவர்கள் ஒருமுறை அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்து கேட்க வேண்டும். எந்த ஓடை எந்த மாதத்தில் திரும்பும் என்று வாய்ப்பாடாகச் சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

பொதுச் சொத்தை ஊர் கூடி ஆள முடியாது, எல்லோரும் அள்ளித் தீர்த்துவிடுவார்கள் என்பது பழைய வாதம். எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க அறிஞர் 2009-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றது இந்த வாதத்தைச் சோதித்துப் பார்த்ததற்காகத்தான். ஊர் விதி, ஊர்த் தண்டனை, கண்காணிப்பு இருக்கும் இடங்களில் காடும் மீனும் தலைமுறைகளாக நிற்பதை அவர் காட்டினார். நமக்கு அதைத் தெரிந்துகொள்ள அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை, பழவேற்காடு போதும். அங்கே ‘பாடு’ என்ற முறை இருக்கிறது. ஏரியில் இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்களைப் பிரித்து, உரிமையுள்ளவர்களுக்குள் முறை வைத்து, இன்று உனக்கு, நாளை இன்னொருவருக்கு என்று வலை போடுகிறார்கள். எந்த வலை, எத்தனை பேர், மீறினால் என்ன தண்டம் எல்லாம் ஊர்ப் பஞ்சாயத்தில் தீர்மானம். குறையே இல்லாத முறை என்று சொல்ல மாட்டேன்: பெண்களுக்கும், கையால் பிடிக்கும் இருளர்களுக்கும் அந்தப் பங்கீட்டில் இடமில்லை. அவர்களையும் சேர்த்து விரிக்க வேண்டும். ஆனாலும் எத்தனை பேர் எடுத்தால் எவ்வளவு மிஞ்சும் என்ற கணக்கு அந்த ஊர்களின் கையில் ஏற்கெனவே இருக்கிறது. கார்லோவிட்ஸ் வட்டி என்று சொன்னதை அவர்கள் முறை என்கிறார்கள்.

வனத்துறையும் இந்தப் பாதையில் நடந்தே இருக்கிறது. 1990 ஜூனில் மத்திய அரசு கூட்டு வன மேலாண்மைக்குச் சுற்றறிக்கை விட்டது. 1997 முதல் தமிழ்நாட்டில் ஜப்பான் கடனுதவியோடு கிராம வனக் குழுக்கள் அமைந்தன. பல குழுக்கள் பணம் வந்தவரை உயிரோடு இருந்தன, நின்றதும் ஓய்ந்தன. காரணம் எளிது: குழுவுக்கு வேலை கொடுத்தார்கள், உரிமை கொடுக்கவில்லை. 2006 வன உரிமைச் சட்டம் அதைத் திருப்பிப்போட்டது. காட்டைக் காக்கவும் ஆளவும் மக்களுக்கே உரிமை உண்டு என்று எழுதியது. அந்தச் சட்டத்தின் நிழல் மலைக்காடு வரைதான் இதுவரை விழுந்திருக்கிறது. கழிவெளியில் முழங்கால் சேற்றில் நிற்கும் பழங்குடிப் பெண்ணின் காடும் காடுதான் என்று யாராவது அங்கே மனு எழுதிக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, பணம் எதற்கு ஒதுக்கப்படுகிறது என்பது. பிச்சாவரத்து வாய்க்கால்கள் வெட்டியதோடு முடியவில்லை. வண்டல் படியப் படிய அவற்றைத் தூர்வார வேண்டும். தவறினால் தண்ணீர் மறுபடி தேங்கும், உப்பு மறுபடி ஏறும். அந்த வேலைக்குக் கூலி வேண்டும், வருடா வருடம். கன்று நடும் விழாவுக்குப் பலகையும் பந்தலும் வருகிறது; நாலாவது வருடத்துத் தூர்வாரலுக்குத் திட்ட அறிக்கையில் வரி கிடையாது. எண்ணூரில் அடுத்த முறை அலையாத்தி நட அதிகாரிகள் வரும்போது கேட்க வேண்டியவை சில உண்டு. இந்த இடத்துக்கு ஏற்றம் மாதத்தில் எத்தனை நாள் எட்டுகிறது? சேற்றில் உப்பு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு ஆழம்? இங்கே இப்போது யார் இறால் தடவுகிறார்கள்? ஐந்தாவது வருடம் வாய்க்காலைத் தூர்வார யாருக்குக் கூலி? முதல் இரண்டுக்கும் கருவி வேண்டும். மூன்றாவதற்கு விடிகாலை வற்றத்தில் கரைக்கு வந்தால் போதும். பறியைக் கடித்தபடி அவர்கள் ஏற்கெனவே தண்ணீரில் இறங்கியிருப்பார்கள்.